பள்ளி மண்டபத்துப் பெயர்ப் பலகை: இறக்கியது முதல் ஏற்றியது வரை

பலகையின் அளவு 180க்கு 120 சென்டிமீட்டர். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டி, அடர்சிவப்புச் சாயம் ஏற்றி, வார்னிஷ் அடித்தது. சுற்றிலும் கனமான மரச் சட்டம். இரண்டு பத்தியாக 61 வரிகள். 1972 முதல் 2009 வரை எஸ்.சி. (க்ரேட் 11 முடிவில்), எச்.எஸ்.சி. (க்ரேட் 13 முடிவில்) பொதுத் தேர்வுகளில் எங்கள் காலேஜில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்கள் ஆண்டோடு பொன்னிற எழுத்தில் இருந்தன. மொரீஷியஸில் உயர்நிலைப் பள்ளியைக் காலேஜ் என்றுதான் சொல்வோம். எங்களுடையது கியூர்பீப் பக்கம், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தீவிலேயே மழையும் ஈரமும் மிகுந்த மேட்டுநிலம். ஈரம் என்ற சொல் இந்தப் பதிவில் அடிக்கடி வரும்.

நான் இங்கே தமிழ் கற்பிக்கிறேன். தச்சு வேலை என் தொழில் இல்லை. ஆனால் பதினோரு மாதம் இந்தப் பலகையோடு இருந்ததில் கற்றுக்கொண்டது நிறைய. வேறு பள்ளியிலோ கோயில் சங்கத்திலோ இப்படி ஒரு பழைய பலகை வீணாகிக்கொண்டிருந்தால், அதைக் கையில் எடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. போர்ட் லூயியில் தெருக்கள் ஆறாக ஓடின. எங்கள் மண்டபத்துக்கு வந்த சேதம் சத்தமில்லாத வகை. 1960இல் கரோல் புயல் தகர, மர வீடுகளைத் தரைமட்டமாக்கிய பிறகு தீவு முழுக்கத் தட்டையான கான்கிரீட் கூரைகள் பெருகின. மண்டபத்தின் கூரையும் அந்த வகைதான். அதில் இருந்த மயிரிழை விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர், சுவரோடு வழிந்து பலகையின் முதுகில் தங்கிவிட்டது. நாங்கள் கவனித்தபோது கீழ்விளிம்பில் பிளைவுட் அடுக்குகள் பிரிந்து, நனைந்த புத்தகம்போல் உப்பியிருந்தன. இரண்டு பத்திகளிலும் கடைசி வரிகளை வாசிக்க முடியவில்லை.

கழற்றிப் போட்டுவிட்டு, பெயர்களை அச்சடித்து அக்ரிலிக் பலகையாக மாட்டிவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. செலவும் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். நானும் ஏறக்குறைய சரி என்றுதான் இருந்தேன். அன்றைக்கு மாலை என் தமிழ் வகுப்பில் படிக்கும் க்ரேட் 11 பெண் ஒருத்தி வந்து, “மிஸ், அந்தப் பலகையில் எங்கம்மா பெயர் இருக்கு. 1996. இப்போ பாதிதான் தெரியுது” என்றாள். அச்சடித்த புதுப் பலகையிலும் அம்மா பெயர் இருக்குமே என்றேன். “அது வேற மிஸ்” என்றாள். வேறுதான். ரெக்டரிடம், அதாவது தலைமையாசிரியரிடம் போய், ஆறு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். ஆறு பதினொன்றாக நீண்டது.

மார்ச் 12 சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்த பிறகுதான் மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது. ஒன்பது மாணவர்கள் சேர்ந்தார்கள். டிசைன் பாடம் எடுக்கும் சக ஆசிரியரின் தந்தை ஓய்வுபெற்ற தச்சர். அவரும் வந்தார். பிள்ளைகள் அவரைத் தோன்தோன் என்றே கூப்பிட்டார்கள். இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் பெரியவர்களை அப்படித்தான் அழைப்போம், மாமா மாதிரி. 18ஆம் நூற்றாண்டில் லா பூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக இருந்த காலத்தில் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கிய 1834க்கு ஒரு நூற்றாண்டு முன்னால். அவர்கள் கைவழி வந்தவர்போலத்தான் தோன்தோன் உளியைப் பிடிப்பார்.

இறக்கும் முன்பு அவர் ஒரு நிபந்தனை போட்டார். கையை வைக்கும் முன் முழுவதையும் படமெடுத்துவிட வேண்டும், ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக. இதைச் செய்யாமல் எந்தப் பழைய பலகையையும் யாரும் தொடக் கூடாது என்பதை இப்போது நானும் அழுத்திச் சொல்வேன். இறக்கும்போதே இரண்டு எழுத்துகள் உதிர்ந்தன. படம் இல்லையென்றால் அவை என்ன எழுத்துகள் என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

படமெடுத்ததில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. மாலை ஆறரை மணிக்கு மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு பையன் போன் டார்ச்சைப் பலகையின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் பலகையோடு ஒட்டினாற்போல் பிடித்தான். நேராகப் பார்த்தால் வெறும் கறையாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் விளிம்பு நிழலாக எழுந்து வந்தது. பொன்வண்ணம் உதிர்ந்துவிட்டாலும், அது இருந்த இடத்தில் வார்னிஷ் வெளிச்சம் படாமல் காப்பாற்றப்பட்டிருக்கும், அதன் ஓரத்தில் மெல்லிய மேடும் இருக்கும். பக்கவாட்டு வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அன்று ஒரு மணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் கண்ணாடித் தாளை மேலே விரித்து மார்க்கரால் பிரதி எடுக்க என்று மூன்று பேர் கொண்ட குழுக்களாக மாறி மாறிச் செய்தார்கள். நான்கு மாலைகளில் கணக்கு முடிந்தது: 44 வரிகள் முழுதாகத் தெரிந்தன, 11 பாதி, 6 வரிகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அப்புறம் கறையான். பலகையை மேசையில் கிடத்தியதும் சட்டத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து கசகசா கொட்டியது. கசகசா என்றே ஒரு மாணவி நினைத்தாள், நிறமும் அளவும் அப்படியே. தோன்தோன் ஒரு துகளைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். ஒவ்வொன்றும் ஆறு பட்டையோடு இருந்தது. உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையானின் எச்சம் அது. மண்ணிலிருந்து மண்குழாய் கட்டி ஏறிவரும் வகை இல்லை. கிரியோலில் கறையானுக்குக் கார்யா என்று பெயர். பிள்ளைகள் தினமும் சொல்கிற சொல்தான். அதைத் தமிழ்ச் சொல்லோடு சேர்த்து நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள்.

திருப்புளியின் கைப்பிடியால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல மரம் இறுக்கமாக ஒலிக்கும், அரித்த மரம் காலிப் பெட்டிபோல் ஒலிக்கும். கீழ்ச்சட்டம் முழுக்கக் காலிப் பெட்டி. அதை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, பழைய மேசையிலிருந்து கிடைத்த தேக்கைச் சீவிப் புதுச் சட்டம் செய்தார் தோன்தோன். மீதிச் சட்டங்களில் சந்தேகமான துளைகளுக்குள், கறையானைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசலை ஊசியால் செலுத்தினோம். பலகையின் முதுகிலும் விளிம்புகளிலும் தூரிகையால் மூன்று முறை பூசினோம். போரேட் வார்னிஷைத் தாண்டி உள்ளே போகாது. அதனால் முன்பக்கம் பூசுவது வீண். வெறும் மரம் தெரிகிற பின்பக்கம்தான் அதற்கு வழி.

இதெல்லாம் செய்வதற்கு முன் பலகை காய வேண்டியிருந்தது. அதுதான் பொறுமையைச் சோதித்தது. ஈரமானி கீழ்விளிம்பில் 24 சதவீதம் காட்டியது. 14க்குக் கீழே வராமல் பசை வைக்கக் கூடாது என்று தோன்தோன் உறுதியாக இருந்தார். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிப் பலகை வளைந்துவிடும். அதனால் பட்டறை அறையில், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி குச்சிகள்மேல் கிடத்தி, எதிர்ச்சுவரைப் பார்த்து மின்விசிறியை ஓடவிட்டோம். கியூர்பீப்பில் ஜூன் மாதத் தூறல் வாரக்கணக்கில் நிற்காது. ஒரு வாரம் 17க்கு இறங்கும், மறு வாரம் 18க்கு ஏறும். ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு மாணவன் எட்டு இடங்களில் அளந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவான். ஜூலை முதல் வாரத்தில்தான் எட்டு இடமும் 14க்குக் கீழே வந்தன. பிரிந்த அடுக்குகளுக்குள் வெள்ளைப் பசையை ஊசியால் ஏற்றி, மெழுகுத் தாள் வைத்து, இரண்டு பக்கமும் நேரான கட்டைகளை வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டோம். மெழுகுத் தாள் முக்கியம். இல்லாவிட்டால் கட்டையும் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் காத்திருப்பு மாதங்களில் பெயர் தேடும் வேலை நடந்தது. எனக்கு இந்த முயற்சியிலேயே பிடித்தது இதுதான். ஏறக்குறைய ஒன்றுமே தெரியாத 6 வரிகளுக்கும் பாதி தெரிந்த 11 வரிகளுக்கும் ஆதாரம் வேண்டும். நூலக அலமாரியின் அடியில் பழைய பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல்கள் கிடைத்தன, சில ஆண்டுகளுக்கு மட்டும். பள்ளி மலர்கள் சில ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வீட்டில் இருந்தன. ஆனால் நிரலில் ஒரு எழுத்துக்கூட்டு, மலரில் வேறொன்று, பலகையில் தெரிகிற நிழல் மூன்றாவது.

இங்கே தமிழ்ப் பெயர்களுக்கு நேர்ந்தது அது. குடியேற்ற அலுவலகத்து எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதி வைத்தார்கள். பெருமாள் ஒரு வீட்டில் பெர்மாள், இன்னொரு வீட்டில் பேரூமால். சுப்பராயன் சில குடும்பங்களில் இரட்டை ஓ போட்டு எழுதப்படும், சில குடும்பங்களில் ஓ, யூ சேர்த்து. அண்ணன் தம்பி இருவரின் சந்ததிகளே வெவ்வேறு எழுத்துக்கூட்டோடு இருப்பதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பெயர். அந்தக் குடும்பத்துக்கு அப்படி இல்லை. அடையாள அட்டையில், பத்திரத்தில், கல்லறையில் இருக்கிற எழுத்து எதுவோ அதுதான் அவர்களுடைய பெயர். அதனால் நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஊகித்து எழுதுவதில்லை. பலகையில் நிழல் இருந்தால் நிழல் சொல்வதே முடிவு. நிழல் இல்லாவிட்டால் இரண்டு ஆதாரங்கள் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு பையன் 1972 முதல் உள்ள பெயர்களைத் தாளில் வரிசையாக எழுதிப் பார்த்துவிட்டு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு தமிழ்க் குடும்பப் பெயர்தான் இருக்கிறது, 1980க்குப் பிறகு அடிக்கடி வருகிறது, ஏன் என்று கேட்டான். 1977இல்தான் இங்கே உயர்நிலைக் கல்வி கட்டணமில்லாமல் ஆயிற்று என்று சொன்னேன். அதற்கு முன் கரும்புத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று எத்தனை பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியிருக்க முடியும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். 1975 மே மாதத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். இருவர் தாத்தாக்களிடம் கேட்டு வந்தார்கள். பலகையின் இடது பத்தி அதன் பிறகு அவர்களுக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

ஆறில் ஐந்து பெயர்களை உறுதி செய்தோம். ஒன்றை முடியவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஜூலைக் கடைசியில் முன்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினோம். முதலில் ஒரு மூலையில், சட்டத்துக்கு அடியில் மறையும் இடத்தில் சோதனை. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சைப் பத்து விநாடி வைத்ததும் வார்னிஷ் பிசுபிசுத்தது. அப்படியானால் அது அரக்கு வார்னிஷ், ஸ்பிரிட்டில் கரையும். எனவே ஸ்பிரிட் பலகைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. வைட் ஸ்பிரிட் வேறு, பெயின்ட்டில் கலக்கும் பெட்ரோலியத் திரவம். அது அரக்கைக் கரைக்காது, அழுக்கையும் பழைய மெழுகையும் மட்டும் எடுக்கும். பஞ்சு உருண்டையை ஈரமாக்கி, தேய்க்காமல் உருட்டி உருட்டி எடுத்தால் பஞ்சு தேநீர் நிறமாகிறது. கீழே சிவப்பு மரம் தெரிகிறது.

இரண்டும் நீர்போலவே இருக்கும் திரவங்கள். இரண்டையும் ஒரே மாதிரித் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி மேசையில் வைத்தது நான். மூன்றாம் நாள் ஒரு மாணவி ஸ்பிரிட் போத்தலை எடுத்துவிட்டாள். 1983ஆம் ஆண்டு வரியில் இரண்டு எழுத்துகள், நல்ல நிலையில் இருந்தவை, பஞ்சோடு வந்துவிட்டன. அவள் அழுதாள். தவறு அவளுடையது இல்லை, என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கண்ணாடித் தாளில் பிரதி இருந்ததால் எழுத்துகளைத் திரும்ப எழுத முடிந்தது. அந்த இரண்டையும் எழுதும் வேலையை அவளுக்கே கொடுத்தோம். அன்றிலிருந்து ஸ்பிரிட் கண்ணாடிப் போத்தலில், சிவப்புப் பட்டையோடு, பூட்டிய அலமாரியில். இரசாயனம் எதுவாக இருந்தாலும் அது வந்த போத்தலிலேயே இருக்கட்டும்.

அழுக்கு போனதும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. 1988 வரை உள்ள 24 வரிகள் இன்றும் தங்கமாக மின்னின. அதற்குப் பிறகு எழுதிய 37 வரிகளும் பழுப்பாக, சில இடங்களில் பச்சையாக இருந்தன. முந்தியவை உண்மையான தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லியதாக அடித்த தங்கத் தகடு, ஒட்டியவை. பிந்தியவை பொன் பெயின்ட், அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடியை வார்னிஷில் குழைத்தது. எங்கள் ஊர் ஈரத்தில் அது களிம்பேறத்தான் செய்யும். வேதியியல் ஆசிரியர் ஒரு பாடவேளை முழுக்க இந்தப் பலகையை வைத்தே வகுப்பு நடத்தினார்.

37 வரிகளையும் பெயின்ட்டிலேயே புதுப்பித்தால் செலவு சொற்பம், பத்து வருடத்தில் மறுபடி பழுப்பாகும். ரேக்கு ஒட்டினால் பணம் வேண்டும். நான் பெயின்ட் பக்கம் சாய்ந்திருந்தேன். அம்மா பெயரைப் பற்றிச் சொன்ன அதே பெண், “1975இல் படிச்சவங்க தங்கம், 1996இல் படிச்சவங்க பித்தளையா?” என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. பழைய மாணவர்களிடம் கேட்டோம், பணம் சேர்ந்தது.

கணக்கு எப்படிப் போட்டோம் என்று சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். எழுத்தின் உயரம் 22 மில்லிமீட்டர், ஒரு வரியின் நீளம் சராசரி 45 சென்டிமீட்டர். ரேக்கு ஒன்று 80 மில்லிமீட்டர் சதுரம். அதை மூன்று பட்டைகளாக வெட்டினால் ஒரு வரிக்கு ஆறு பட்டை, அதாவது இரண்டு ரேக்கு. 37 வரிக்கு 74. விரிசல் ஒட்டவும் கைதவறவும் சேர்த்து 100. ஒரு புத்தகத்தில் 25 ரேக்கு வரும், ஆக நான்கு புத்தகம். 23.5 காரட், மெல்லிய தாளோடு ஒட்டி வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். தனி ரேக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான். யாராவது கதவைத் திறந்தால்கூடப் பறந்துவிடும். ஒரு பழைய மாணவர் இங்கிலாந்திலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். தூரிகை, பசை, டால்க் பொடி எல்லாம் கியூர்பீப் கின்காய்ரியிலும் (இரும்புச் சாமான் கடை) கலைப்பொருள் கடையிலும் கிடைத்தன.

ஒட்டும் முறை இது. பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, பிரதி எடுத்த தாளின் முதுகில் சாக்பீஸ் தேய்த்து, பலகையில் வைத்துக் கோடுகளின் மேல் பென்சில் ஓட்டினால் எழுத்தின் உருவம் வெள்ளையாக இறங்கும். அதற்கு முன் பலகை முழுக்க டால்க் பொடி தடவித் துடைக்க வேண்டும். முதல் வரியில் இதை மறந்தோம். எழுத்தில் மட்டும் ஒட்ட வேண்டிய ரேக்கு சுற்றியிருந்த வார்னிஷிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு வரி, மூன்று ரேக்கு, வீண். பிறகு எழுத்துக்குள் எண்ணெய்ப் பசையை மெல்லிசாகத் தூரிகையால் நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் பதம் வரும் பசை என்று டப்பாவில் இருந்தது. எங்கள் ஊரில் ஐந்தரை மணி ஆயிற்று. மடக்கிய விரலின் முட்டியால் தொட்டால் ஈரம் ஒட்டாமல், எடுக்கும்போது மட்டும் ‘டக்’ என்று சின்னச் சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம்தான் பதம். சீக்கிரம் ஒட்டினால் தங்கம் பசையில் மூழ்கி மங்கிவிடும். தாமதித்தால் ஒட்டாது. பதம் வந்ததும் ரேக்கைத் தாளோடு வைத்துப் பஞ்சால் அழுத்தி, தாளை எடுத்துவிடலாம். மறுநாள் மென்மையான தூரிகையால் துடைத்தால் ஓரத்து மிச்சம் உதிர்ந்து, எழுத்து மட்டும் நிற்கும். உண்மைத் தங்கத்துக்கு மேலே வார்னிஷ் வேண்டாம், அடித்தால் ஒளி குறையும்.

பள்ளி நேரத்துக்கும் அந்த ஐந்தரை மணிக்கும் ஒத்துவராது. காலை ஏழு மணிக்கு வந்து இருவர் பசை வைப்பார்கள், மதிய இடைவேளையில் ஒருவர் முட்டியால் தொட்டுப் பார்ப்பார், பள்ளி விட்டதும் ரேக்கு. ஒரு நாளைக்கு இரண்டு வரி, சில நாள் ஒன்று. அக்டோபரில் க்ரேட் 11 பிள்ளைகள் எஸ்.சி. தேர்வுக்குப் போய்விட்டார்கள். க்ரேட் 10 மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதிய வரிகள் மூத்தவர்கள் எழுதியதைவிட நேராக இருக்கின்றன. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1996 வரி வந்தபோது அந்தப் பெண்ணின் அம்மாவை அழைத்தோம். பலகையில் அவர் பிறந்த வீட்டுப் பெயர். கண்ணாடித் தாளைப் பார்த்துவிட்டு, “இது தப்பு. எங்கப்பா பெயரில் இரட்டை ஓ வரும். அன்றைக்கே எழுதியவர் ஓ, யூ போட்டுவிட்டார். சொன்னேன், மாற்றவில்லை” என்றார். எங்கள் விதிப்படி நிழல் சொல்வதே முடிவு. பழையதைப் பழுதுபார்க்கிறவர் அதைத் திருத்தக் கூடாது என்று தோன்தோன் சொன்னார். நான் யோசித்தேன். நிழலை நம்பியது பெயருக்கு உரியவர் பக்கத்தில் இல்லாததால்தான். அவரே வந்து நின்று சொல்லும்போது, 28 வருடப் பிழையை மறுபடி தங்கத்தில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடையாள அட்டையைப் பார்த்து இரட்டை ஓ எழுதினோம். ரேக்கின் கடைசிப் பட்டையை அம்மாவும் மகளும் சேர்ந்தே அழுத்தினார்கள். பிறகு அம்மா தன் தந்தையின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

இனி 2010க்குப் பிறகு வந்தவர்கள். பழைய பலகையில் இடமில்லாததால்தான் 2009இல் எழுதுவது நின்றது. புதுப் பலகை வேண்டும். ஒரே பிளைவுட்டில் எழுதினால் ஒரு கசிவு இருபது பெயர்களை அழிக்கும் என்று பார்த்துவிட்டோம். அதனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித் தனிப் பட்டி. 30 மில்லிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் காடி வெட்டிய சட்டத்துக்குள் மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்க வேண்டும். ஒன்று கெட்டால் அதை மட்டும் உருவி மாற்றலாம். மரம் கிரிப்தோமேரியா, இந்த மேட்டுநிலத்துத் தோப்புகளிலேயே வளர்வது, இழைக்க எளிது.

செப்டம்பரில் பதினாறு பட்டிகளும் அழகாகப் பொருந்தின. டிசம்பர் மழையில் ஒன்றையும் அசைக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் உப்பியிருந்தது, பதினாறும் சேர்ந்து ஆறு மில்லிமீட்டர். மரம் குறுக்குவாட்டில்தான் உப்பும், நீளவாட்டில் அல்ல. எல்லாவற்றையும் கொஞ்சம் இழைத்து, மேலே எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அங்கே கம்பளித் துண்டு வைத்தோம். இப்போது மழையிலும் நகர்கிறது.

யார் பெயரை எழுதுவது என்பதில் பெரிய விவாதம் நடந்தது. தேர்வில் முதலிடம் மட்டும் போதாது என்று பிள்ளைகள் உறுதியாக இருந்தார்கள். நானும் அவர்கள் பக்கம். பள்ளிகளுக்கிடையிலான ஓட்டப் போட்டியில் வென்றவள், இளைஞர்களுக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதில் வெண்கலம், வெள்ளி தாண்டித் தங்கம் வரை போனவன், பாடகர் குழு, கால்பந்து அணி, நாடகக் குழு எல்லாம் இந்தப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தவைதானே. குழுவாகச் செய்ததற்குக் குழுவின் பெயரையே எழுதுவது என்று முடிவாயிற்று. எச்.எஸ்.சி.யில் நாட்டிலேயே சிறந்து அரசு உதவித்தொகை பெறுகிறவர்களை லோரேயா என்போம். அப்படி அறிவிக்கப்பட்டவர்களைத் தோளில் தூக்கி, தெருவில் மேளம் அடித்துக் கொண்டாடுகிற நாடு இது. அந்த மகிழ்ச்சி நல்லது. அதே பட்டி, அதே தங்கம் மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும்.

தமிழ் நாடகக் குழுவின் பட்டியைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். பலகையில் எல்லாம் ரோமன் எழுத்தாயிற்றே என்று ஒருவர் தயங்கினார். அவள் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். இந்நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டு. அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. ரெக்டர் சிரித்துவிட்டுச் சரி என்றார், இந்தி, உருது, மாண்டரின் குழுக்களும் அவரவர் எழுத்தில் எழுதலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

தமிழ் எழுத்தின் வளைவுகளைச் சாக்பீஸ் பிரதியில் இறக்குவது கடினமாக இருந்தது, கோடு நழுவியது. அதனால் தாளில் அச்சடித்த எழுத்தின் விளிம்பு நெடுக ஊசியால் துளையிட்டு, மெல்லிய துணியில் சாக்பீஸ் பொடி கட்டித் தட்டினோம். புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கியது. “கோலத் தட்டு மாதிரி!” என்றான் ஒருவன். அதேதான். புள்ளிகளை இணைத்துத் தூரிகை ஓட்டுவது மற்றவர்களைவிட வீட்டில் கோலம் போடுகிற இரண்டு பெண்களுக்குச் சட்டென்று வந்தது. ‘ழ’வின் வால்தான் மூன்று முறை அழித்து எழுத வைத்தது.

2025 பிப்ரவரியில் தைப்பூசக் காவடி முடிந்த வாரம் பலகைகளை மாட்டினோம். குழுவில் இருவர் காவடி எடுத்ததால் விரத நாட்களில் வேலையை நிறுத்தி வைத்திருந்தோம். இந்த முறை கசிவுச் சுவரில் இல்லை, எதிர்ச் சுவரில். பழைய பலகை கிட்டத்தட்ட 30 கிலோ. ஒரு நீளக் கட்டையை 45 பாகையில் சாய்வாக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைப் பலகையின் முதுகிலும் திருகினால், பலகையைத் தூக்கி மேலே மாட்டிவிடலாம், எடை எல்லாத் திருகுகளிலும் பரவும். அடுத்த தடவை இறக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்தக் கட்டையின் தடிமனால் சுவருக்கும் பலகைக்கும் இடையே 25 மில்லிமீட்டர் காற்றுவழியும் கிடைக்கிறது.

கண்டுபிடிக்க முடியாத அந்த ஒரு வரி வலது பத்தியின் அடியில் இருக்கிறது. ஆண்டின் கடைசி இலக்கமும் குடும்பப் பெயரின் மூன்று எழுத்துகளும் மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றின் பழுப்பு நிறத்தையும் மாற்றவில்லை, மற்ற இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம். ஒரு வரிக்கான ரேக்கு, இரண்டு தாள்கள், நூலக அலமாரியில் ஓர் உறைக்குள் இருக்கின்றன.

பலகைக்கு நேர் கீழே தரையில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறோம். கசகசா விழுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. க்ரேட் 8 மாணவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் முறைவைத்துப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். பத்து வாரம் ஆயிற்று. தாளில் இதுவரை கையெழுத்துகள் மட்டும்தான்.